கசங்கிய நோட்டின் விலை

இது நடந்தது. நடந்திருக்குமா என்ற பேச்சே வேண்டாம். இதை எனக்குச் சொன்னவள் எனக்குத் துணி தைத்துத் தருகிறவள். பொய்யே சொல்லாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்பாள். எந்த வெள்ளி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் பொய் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு நிற்கும். அன்றைக்கு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி என் எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு இல்லை. தனியாக இருந்து படிக்கிற கண்ணுகளா, விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நானும் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தையல்காரியின் புருஷனுக்குப் பழைய நோட்டு வியாபாரம். செல்லாமல் போன காகிதப் பணத்தை வாங்கி, அதைச் சேர்த்துவைக்கிற பித்துப் பிடித்தவர்களிடம் விற்பது. வீட்டின் முன்னறையில் பாதி அவருடைய கண்ணாடி மேசை, மீதிப் பாதி அவளுடைய தையல் இயந்திரம். ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, வருகிறவர்களைச் சோற்றில் கிடந்த பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். தெருவில் அவருக்குப் பேர் பூதக்கண்ணாடி.

அப்போது கைபேசியில் ஏதோ ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. இந்த நோட்டு உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று ஒருவன் கத்துவான். அதைப் பார்த்துவிட்டு ஊரே அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தது.

"சார், இந்த நோட்டுக்கு கார் வாங்கலாம்னு சொன்னாங்க."

"தாராளமா வாங்கலாம். பொம்மைக் கார். சக்கரம் மட்டும் நீங்க தனியா வாங்கிக்கணும்."

"இது எங்க தாத்தா காலத்து நோட்டுங்க."

"உங்க தாத்தாகிட்ட இருந்தது ஊர்ல இருந்த எல்லா தாத்தாகிட்டயும் இருந்துச்சு. போய்ட்டு வாங்க."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வியாபாரத்தில் நோட்டு பழசாக இருந்தால் மட்டும் போதாது. வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. அப்புறம் கசங்கியிருக்கக் கூடாது. ஒரு மடிப்பு விழுந்தால் விலை பாதி. கசங்கினால் சேகரிப்பவர்கள் அதைக் கையால் தொடக்கூட மாட்டார்கள். ஆனால் அந்த நியாயத்தை அவர் வாயால் கேட்கிறவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்றிருக்கும். தையல்காரி இயந்திரத்தை மிதித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அவர்மேல் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அது தீர்ந்துபோயிருந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம் அந்தப் பெண் வந்தாள். நடுத்தர வயது. பெரிய பேக்கரி ஒன்றின் பேர் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகித உருண்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

பூதக்கண்ணாடி அதை விரலால் தொடவில்லை. இடுக்கியின் நுனியால் புரட்டினார்.

"என்னம்மா இது, மூக்கு சிந்திட்டுக் கொண்டு வந்தியா?"

"பழைய நோட்டு சார். அப்பா பெட்டியில பூட்டி வச்சிருந்தார். போன மாசம் தவறிட்டார்."

"பூட்டி வச்சா குப்பை தங்கமாயிடுமா?"

சொல்லிக்கொண்டே உருண்டையை இடுக்கியால் மெல்லப் பிரித்தார். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனார். அப்போது மேசைக்கு அடியில் அவருடைய இடது முழங்கால் ஆடத் தொடங்கியது. தையல்காரிக்கு மட்டும் அது தெரிந்தது. நல்ல சரக்கு கண்ணில் பட்டால் ஆடுகிற முழங்கால் அது.

"கசங்கல். கறை வேற. பேங்க்லயும் எடுக்க மாட்டான்" என்றார், கொட்டாவி விடுவதுபோல. "வந்ததுக்கு டீச் செலவுக்கு வாங்கிட்டுப் போ."

 அந்தப் பெண் அந்தச் சில்லறையை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்துவிட்டு, அவர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். அந்த நோட்டில் கையெழுத்துப் போட்ட அதிகாரி பதவிக்கு வந்த சில வாரத்திலேயே செத்துப்போனவராம். அவர் கையெழுத்தோடு அச்சானதே கொஞ்சம். அதில் மிஞ்சியது விரல்விட்டு எண்ணுகிற அளவுதானாம்.

"பாவம், அந்தப் பொண்ணு" என்றாள் தையல்காரி.

"முட்டாளுக்கெல்லாம் பாவம் பார்த்தா நாம முட்டாளாத்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உடனே போனை எடுத்தார்.

யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். நோட்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய மண்டபம் பிடித்துக் கண்காட்சி நடத்துவார்கள். பூதக்கண்ணாடி ஒவ்வொரு வருஷமும் ஒரு மேசை கேட்பார். "கிழிசல் கடைக்கெல்லாம் மேசை கிடையாதுய்யா" என்று ஒவ்வொரு வருஷமும் செயலாளர் சிரிப்பார். ஊரையே துச்சமாகப் பேசுகிற மனிதர், அந்தச் சிரிப்பை மட்டும் நெஞ்சில் முள்ளாக வைத்துக்கொண்டு வாழ்ந்தார்.

"கையெழுத்து நோட்டு இருக்கு" என்றார் போனில். "கசங்காதது. அச்சகத்திலிருந்து இப்பத்தான் வந்த மாதிரி."

 செயலாளரிடமிருந்து உடனே கேள்வி வந்ததாம்: "மேசை எந்தப் பக்கம் வேணும்?"

கண்காட்சி வருகிற ஞாயிற்றுக்கிழமை. நோட்டோ மேசையில் காய்ந்த சருகு மாதிரி சுருண்டு கிடந்தது.

கழுவி, நீவி, பாரம் வைத்து அழுத்தினால் மடிப்பு போய்விடும். புழங்காத நோட்டு என்று விற்றுவிடலாம். அந்தத் தொழிலில் அது பெரிய பாவம் என்பார்கள். எல்லோரும் செய்கிற பாவம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நோட்டைப் போட்டார். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. டீக்கறை என்றார். அது கரைந்தது. தண்ணீர் மெல்ல மெல்லச் சிவந்தது.

"டீக்கறை செவப்பாவா போகும்?" என்று கேட்டாள் தையல்காரி.

"அந்தக் காலத்து மைடி. சும்மா இரு."

"நோட்டு பச்சை நோட்டுல்ல?"

அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார்.

ஈரம் உறிஞ்சுகிற ஒற்றுத்தாள் இரண்டுக்கு நடுவில் நோட்டை வைத்தார். மேலே ஒரு பலகை. பலகைமேல், அவளுடைய பழைய தையல் இயந்திரத்தின் இரும்புத் தலை. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

மதியம் அவர் உள்ளே தூங்கினார். அவள் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு சத்தம் இல்லை.

சடக்.

நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

சடக்… சடக்…

யாரோ விரல்களுக்குச் சொடக்கு எடுப்பதுபோல இருந்தது. சத்தம் பலகைக்கு அடியிலிருந்து வந்தது.

மாலையில் இருவருமாக இரும்பைத் தூக்கினார்கள். ஒற்றுத்தாள் உலர்ந்திருந்தது. நடுவில் நோட்டு, அந்தப் பெண் கொண்டுவந்த அதே உருண்டையாக இருந்தது. அத்தனை பாரத்துக்கு அடியில், நசுங்காமல், உருண்டையாக.

"உன் வேலையா?" என்றார்.

"உங்க குப்பைய நோண்ட எனக்கு வேற வேலை இல்லையா? அந்த இரும்ப நான் ஒருத்தியா தூக்கினேனா?"

"காத்துல ஈரம். காகிதம் சுருங்கும். உனக்கெங்க புரியப் போகுது."

புதன்கிழமையும் அழுத்தினார். திரும்பவும் உருண்டை. வியாழக்கிழமை மாலை பொறுமை போய்விட்டது. "இஸ்திரிப் பெட்டியப் போடு. துணிய மேல போட்டுத் தேய். எரிச்சே, தொலைச்சுடுவேன்" என்றார்.

அவள் வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் நோட்டை நீவி வைத்து மூடினாள். தண்ணீர் தெளிக்கவில்லை. காய்ந்த துணி. பெட்டியை மெல்ல வைத்தாள்.

துணிக்கு அடியில் அது சுருண்டது.

சூடு பட்டால் காகிதம் சுருளும். அது அவளுக்குத் தெரியாதா? ஆனால் இது சூடு வராத பக்கமாக நகர்ந்து சுருண்டது.

காய்ந்த துணியிலிருந்து ஆவி வந்தது.

வாசனையும் வந்தது. கஞ்சி போட்ட துணி… மூட்டை மூட்டையாகச் சூட்டில் வேகிற வாசனை. அவள் வீட்டில் கஞ்சியே கிடையாது.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். "நான் மாட்டேங்க."

"ஒரு காகிதத்தைத் தேய்க்கத் துப்பில்லை, நீயெல்லாம் தையல்காரி" என்று பெட்டியைப் பிடுங்கினார். உடம்பு எடையெல்லாம் கொடுத்து அழுத்தினார். துணி அடியில் நெளிந்தது. அவர் இன்னும் அழுத்தினார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

நெளிவு நின்றது.

துணியை எடுத்தபோது நோட்டு பலகைமாதிரி கிடந்தது. ஒரு மடிப்பு இல்லை. ஒரு கோடு இல்லை. விரலால் சுண்டினால் மொறமொறவென்று சத்தம் கேட்டது.

"பார்த்தியா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவளையும், அவள் அம்மா வீட்டையும், சங்கத்தையும், செயலாளரையும் சேர்த்துத் துப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகல். மண்டபம் நிறைய வெளிச்சம், ஆட்கள், மின்விசிறிச் சத்தம். நடுவரிசையில் அவருக்கு மேசை. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் நோட்டை வைத்து, நாலு பக்கமும் கவ்வி போட்டு, நிமிர்த்தி வைத்திருந்தார். தையல்காரி பின்னால் நாற்காலியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

சேகரிப்பவர்களில் பெரிய கை ஒரு பல் டாக்டர். அவர் வந்தால் பின்னாலேயே ஒரு கூட்டம் வரும். செயலாளரும் வந்தார்.

"கிழிசல் கடையில இது எப்படிய்யா?" என்றார் செயலாளர்.

"கண் இருக்கிறவன் கையில சிக்கும். சிலபேருக்குக் கண்ணாடி போட்டும் தெரியாது" என்றார் பூதக்கண்ணாடி. செயலாளர் மூக்குக்கண்ணாடி போட்டவர்.

டாக்டர் குனிந்தார். சிரித்தார். "ஒரு மடிப்பு இல்லையே. நிஜமாவே புழங்காததா?"

"மனுஷக் கை படாதது டாக்டர்."

டாக்டர் லென்ஸை எடுத்தார். இன்னும் குனிந்தார்.

"இதோ ஒரு கோடு இருக்கே."

"எங்க?"

"இங்க… இல்ல, இது முன்னாடி இல்லையே…"

தையல்காரி எழுந்து எட்டிப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள்ளே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நோட்டின் ஒரு பக்கத்தில் நாலு கோடுகள் வரிசையாக விழுந்தன. எதிர்ப்பக்கத்தில், கட்டைவிரல் அழுத்தியதுபோல், தடித்து ஒரு கோடு.

டிக்.

கண்ணாடியில் விரிசல்.

"உள்ள என்னய்யா வச்சிருக்கே, பூச்சியா?" டாக்டர் பின்னால் நகர்ந்தார். கூட்டம் சிரித்தது. செயலாளர் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான். பூதக்கண்ணாடி கவ்விகளைப் பிடுங்கினார். நோட்டை வெளியே எடுத்தார். "ஈரம்… மண்டபத்துல ஈரம்" என்றார். மேசைமேல் வைத்து வலது உள்ளங்கையால் நீவினார்.

கை மூடிக்கொண்டது.

"காட்டுய்யா" என்றார் டாக்டர்.

பூதக்கண்ணாடி தன் கையைப் பார்த்தார்.

"விக்க மனசில்லையா? காட்டு."

"வரலை."

"என்ன வரலை?"

"கை… கை திறக்க வரலை."

இடது கையால் விரல்களை நெம்பினார். செயலாளர் சிரித்தபடியே ஒரு விரலைப் பிடித்து இழுத்தார். அவர் சிரிப்பு நின்றது.

"என்னய்யா, கை இவ்வளவு சுடுது?"

அவ்வளவுதான். அந்தக் கை அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் குறை இல்லை, நரம்பில் குறை இல்லை என்றார்கள். மயக்க மருந்து கொடுத்தால் எந்தப் பிடியும் தளர்ந்துவிடும் என்றார்கள். கொடுத்தார்கள். ஆள் வாய் பிளந்து தூங்கினார். கை தூங்கவில்லை. அந்தப் பிடி கொஞ்சமும் தளரவில்லை. ஊசியால் குத்தினால் அவருக்குத் தெரியவும் இல்லை. லென்ஸ் பிடித்த கை, இடுக்கி பிடித்த கை. அது இல்லாமல் வியாபாரம் எது? செயலாளர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "நோட்டுக்கு நல்ல பெட்டகம்தான்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். பூதக்கண்ணாடி அதற்குத் தலையை ஆட்டினார். அதைப் பார்த்துத்தான் தையல்காரிக்குப் பயம் வந்தது.

சூட்டுத் தைலம் போட்டு நீவச் சொல்லியிருந்தார்கள். காலையிலும் மாலையிலும் நீவினாள். கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல். மனுஷர் அதைக்கூட அவமானம் என்பார்.

ஒரு மாதம் இப்படிப் போனது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. விசாரித்துக்கொண்டு அந்தப் பேக்கரிக்குப் போனாள். நோட்டின் உண்மையான விலையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடுவது என்று போனாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. விலையைக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும்" என்றாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வழியில்தான் சொன்னாள்.

"அம்மா ஒரு சலவை ஆலையில வேல பாத்தாங்க. ஓட்டல் படுக்கைத் துணியெல்லாம் சூடா ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டுத் தேய்க்கிற மெஷின். அன்னிக்கு சம்பள நாள். குடுத்த நோட்டக் கையில பொத்திக்கிட்டே, சுருண்ட துணிய இழுத்துவிடப் போயிருக்காங்க. கை உள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரியில மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. எடுத்தப்பறமும் அந்தக் கை பொத்தினது பொத்தினபடியே இருந்துச்சாம். அதுக்குள்ள இருந்த நோட்ட அப்பாகிட்ட குடுத்தாங்க. அவர் செலவும் பண்ணல, அம்மாகிட்ட காட்டவும் இல்ல. எனக்கே அவர் போனப்பறம் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். வீட்ல வச்சுக்க பயமா இருந்துச்சு. அதான் கொண்டாந்தேன்."

தையல்காரி நின்றுவிட்டாள். "அம்மா… எப்பத் தவறினாங்க?"

"ஐயோ அக்கா, அம்மா இருக்காங்க. வீட்லதான் இருக்காங்க."

கண்ணுகளா, இந்த இடத்தில் தையல்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.  அப்புறம்தான் அந்தப் பெண் மேலே சொன்னதைச் சொன்னாள்.

"இல்லாத கை வலிக்கும்னு டாக்டருங்க சொல்லுவாங்களே அக்கா, அம்மாவுக்கு அது எப்பவோ நின்னுபோச்சு. போன மாசம் திடீர்னு வந்துச்சு. ஒரு செவ்வாக்கிழம. கையத் தண்ணியில முக்கிட்டாங்கன்னாங்க. அப்புறம் இரும்பத் தூக்கி மேல வச்சுட்டாங்கன்னாங்க. வியாழக்கிழம சாயந்திரம்…" அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேய்க்கிறாங்க, திரும்பத் தேய்க்கிறாங்கன்னு கத்தினாங்க. தெருவே வந்து நின்னுச்சு."



வீட்டில் ஜன்னலோரம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சேலைக்குமேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. பெண் டீ போட உள்ளே போனாள்.

"கை வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் தையல்காரி.

"போயிடுச்சும்மா. ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் பட்டுனு போயிடுச்சு. இவ நம்ப மாட்டேங்கிறா… எனக்குக் கை திரும்பி வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினாள். "என் கை மாதிரி இல்ல. கொஞ்சம் பெருசு. ஆனா என்னோடதுதான்."

தையல்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ ஒரு பொண்ணு காலையிலயும் சாயந்திரமும் சூடா ஏதோ போட்டு நீவி விடுறா. கட்டைவிரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா வருவா. சுண்டுவிரல மட்டும் ரெண்டு தடவ நீவுவா. ஏன்னு தெரியல. சுகமா இருக்கும்."

சுண்டுவிரலை இரண்டு தடவை. அப்படித்தான் நீவுகிறோம் என்பதே தையல்காரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்ல பொண்ணு. அவளப் பாத்தா ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்றாள் அந்த அம்மாள். "நகம் வளந்துபோச்சு. உள்ளங்கையில குத்துது. கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லணும்."

டீயைக் குடிக்காமல் ஓடி வந்தாள்.

முன்னறையில் வெயில் இன்னும் இருந்தது. பூதக்கண்ணாடி நாற்காலியில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிய கை மடியில் கிடந்தது. விரல் இடுக்குகளிலிருந்து ரத்தம் கசிந்து, மணிக்கட்டு வழியாக இறங்கி, வேட்டியில் பெரிதாகப் பரவியிருந்தது.

"ஐயோ… வலிக்கலையாங்க?"

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். மடியைப் பார்த்தார்.

"எது?" என்றார்.